பத்தாம் வகுப்பை இங்கே முடிப்பதா, அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளியில் இப்போதே சேர்ப்பதா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம் எங்களுடையது. பட்டறையை விட்டுக் கணினி வேலைக்குப் போனவர் என் கணவர் ஒருவர்தான். ஜனவரியில் அவரை நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அனுப்பியது. பாஸ்டனுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சிறிய நகரம். எனக்கும் மகனுக்கும் எச்-4 விசா, அதாவது அங்கே வேலைக்குப் போனவரின் குடும்பத்துக்குத் தரும் விசா, கிடைத்துவிட்டது.

மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கில வழியில் ஒன்பதாம் வகுப்பு முடித்து, இந்த ஜூனில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். ஆகஸ்டிலேயே வந்துவிடுங்கள் என்கிறார் கணவர். பொதுத்தேர்வு எழுதாமல் பிள்ளையை நகர்த்தக் கூடாது என்கிறார் மாமனார். “பத்தாவது சான்றிதழ்தான் ஒருவனுக்கு அஸ்திவாரம், அதை இங்கே போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டட்டும்” என்று தினமும் சாப்பிடும் வேளையில் சொல்கிறார். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுவதால் இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை.

அந்த ஊரில் ஒரே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிதானாம். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணமும் கிடையாது. இவனை எல்.கே.ஜி.யில் சேர்க்க விடியற்காலையில் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றவள் நான். கட்டணமே இல்லாத பள்ளி என்றதும் எனக்கு முதலில் பயம்தான் வந்தது.

பையன் கணக்கில் நன்றாக வருவான். தினமும் காலையில் காந்தி மைதானத்தில் ஓடுவான். ஆனால் புதியவர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டான். ஆங்கிலத்தில் படிப்பான், எழுதுவான், பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பான். எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், இங்கே வாங்கிய மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்வார்களா, மதியம் சைவ உணவு கிடைக்குமா என்றெல்லாம் கேள்விகள் இருக்கின்றன. அவன் அங்கே யாரோடு பேசுவான் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சூரமங்கலம் செவிலியர்

சகோதரி, ஆறு ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்து இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவள் என்ற முறையில் காகித வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

எச்-4 விசாவில் வரும் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பிள்ளைக்கு உள்ள அதே உரிமை உண்டு, கட்டணம் இல்லை. நீங்கள் அந்த ஊர் எல்லைக்குள் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் கேட்பார்கள். மாணவர் விசாவான எஃப்-1 இப்படி அல்ல. அதில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதங்கள்தான் படிக்க முடியும், அதற்கும் முழுச் செலவையும் கட்ட வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் எஃப்-1 கிடையவே கிடையாது. அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாமா என்று பலர் கேட்பதால், இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மாசசூசெட்ஸில் இந்த வயதுப் பிள்ளைக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) இரண்டு தவணை, சின்னம்மை இரண்டு தவணை, மஞ்சள் காமாலை பி மூன்று தவணை, போலியோ, டி-டாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கஸ் ஊசி எல்லாம் கேட்பார்கள். நம் அரசு அட்டவணையில் இருப்பது எம்.ஆர்., அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றுவிடாமல் போட்ட பிள்ளைக்கும் அங்கே போனால் குறை சொல்வார்கள். தவணைகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும் என்பதால் ஆகஸ்டில் போவதாக இருந்தால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஏற்கெனவே சின்னம்மை வந்திருந்தால் மருத்துவரின் கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஊசி தேவைப்படாது.

பதில்: அம்மாபேட்டை கணக்கு வாத்தியார்

அம்மா, வணக்கம். சேலம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டுக்கு இரண்டு முறை போய் மொத்தம் 11 மாதங்கள் இருந்தேன். பேரன் உங்கள் பையனைப் போலவே ஒன்பதாம் வகுப்பை இங்கே முடித்துவிட்டு அங்கே சேர்ந்தவன். நீங்கள் சொல்லும் அதே திசைதான். பாஸ்டன் வடக்கு நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் அரை மணி நேரத்தில் சேலம் என்ற ஊரில் நிற்கும். அந்த நடைமேடைப் பலகையை முதல் முறை பார்த்தபோது, போகவேண்டிய இடத்தை விட்டுவிட்டு அங்கேயே இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். அவர்களுடைய ஊர்ப் பெயர் எபிரேய மொழியில் அமைதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். ஆனால் சூனியக்காரர்கள் என்று பழிபோட்டு 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்ட ஊர் அது. இன்றைக்கு அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கே சூனியக்காரிகள் என்றுதான் பெயர். என் மகள் இருப்பது அதற்கும் வடக்கே. பள்ளியைப் பற்றிக் குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன்.

கட்டணம் இல்லாத பள்ளி என்ற பயத்தை முதலில் விடுங்கள். அரசுப் பள்ளியில் பிழைத்த எனக்கு அந்த வரியைப் படித்தபோது மனம் கஷ்டப்பட்டது, ஆனால் உங்கள் மேல் கோபம் இல்லை. அந்த நாட்டின் முதல் அரசு உயர்நிலைப் பள்ளி 1821-இல் பாஸ்டனில்தான் திறக்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று அந்த நாட்டில் முதலில் சட்டம் போட்டதும் மாசசூசெட்ஸ்தான், 1852-இல். அரசுப் பள்ளி என்று நாம் சொன்னாலும் அது ஊரே நடத்தும் பள்ளி. மருத்துவர் பிள்ளை, மீன்பிடிப் படகில் போகிறவர் பிள்ளை, காவலர் பிள்ளை எல்லோரும் அதே கட்டடத்துக்குள் போகிறார்கள்.

பள்ளிக்கென்று மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு உண்டு. அதன் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மார்ச் மாதத்தில் ஒரு நாள் மகளோடு போனேன். வரவுசெலவுத் திட்டத்தைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் செலவில் பெரும்பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. அந்த மாநிலத்தில் 1980-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரியை ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஊர் மக்களின் வாக்கெடுப்பு வேண்டும். அதனால் எப்போதும் இழுபறிதான். ஒரு இசை ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரு தகப்பன் வேலை உடையோடு வந்து ஒலிபெருக்கி முன்னால் நின்று, என் மகள் பள்ளிக்கு வருவதே அந்த வகுப்புக்காகத்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து ஒரு பாட்டி, அடுத்து ஒரு மாணவன். இரவு பத்து மணிக்கு மேலும் அது நீண்டது. என் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியர் இல்லாமல் நான் இரண்டு பாடத்தையும் நடத்திய நாட்கள் நினைவுக்கு வந்தன. இப்படி எழுந்து கேட்க நம் பெற்றோருக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகளும் சேர்ந்துதான் உயர்நிலைப் பள்ளி. பத்தின் முடிவில் ஒரு பெரிய கதவு, பன்னிரண்டின் முடிவில் ஒரு பெரிய கதவு என்று கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் ஓராண்டு படித்துத் தேறினால் அதற்கு இவ்வளவு புள்ளி என்று கணக்கில் ஏறும். நான்கு ஆண்டுகளில் ஆங்கிலம் 4, கணக்கு 4, ஆய்வகத்தோடு அறிவியல் 3, வரலாறு 3, வேற்று மொழி 2, கலை 1, இவை போக வேறு பாடங்கள் 5 என்று மாநிலம் பரிந்துரைக்கிறது. பத்தாம் வகுப்பில் எம்கேஸ் என்று ஒரு மாநிலத் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் என்று முன்பு இருந்த விதியை 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து நீக்கிவிட்டார்கள். தேர்வு மட்டும் தொடர்கிறது.

ஆகவே வீட்டுப்பாடம், வாரத் தேர்வு, ஆய்வக அறிக்கை எல்லாமே மதிப்பெண்தான். மார்ச் மாதம் வரை பொறுத்திருந்து கடைசி மூன்று வாரத்தில் மொத்தத்தையும் படித்துத் தள்ளும் பழக்கம் அங்கே உதவாது. என் பேரன் செப்டம்பரில் ஏழு வீட்டுப்பாடங்களை ஒப்படைக்கவில்லை. செய்யாமல் விடவில்லை, செய்து பையிலேயே வைத்திருந்தான். ஆசிரியர் கேட்பார், கொடுக்கலாம் என்று காத்திருந்திருக்கிறான். அவர் கேட்கவில்லை. ஏழும் சுழியாகக் கணினியில் ஏறிவிட்டன.

அதைவிடப் பெரிய இழப்பு கணக்கில் நேர்ந்தது. நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கணம், மெய்யெண்கள், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலைவு, முக்கோணவியல், அளவியல், புள்ளியியல், நிகழ்தகவு எல்லாம் ஒரே புத்தகத்தில் கலந்து வரும். அங்கே அப்படியல்ல. இயற்கணிதம் ஒன்று ஓராண்டு, வடிவியல் ஓராண்டு, இயற்கணிதம் இரண்டு ஓராண்டு, அதற்குப் பிறகு நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம் என்று தனித்தனிப் படிகள். நம் மதிப்பெண் பட்டியலில் கணக்கு 94 என்று ஒரே வரிதான் இருக்கும். அதைப் பார்த்த பள்ளியின் பாடத்திட்ட ஆலோசகருக்கு இவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிய வழி இல்லை. கீழ்ப்படியில், இயற்கணிதம் ஒன்றில் போட்டுவிட்டார்கள்.

நவம்பரில் ஒரு நாள் அவன் நோட்டைப் புரட்டினேன். ஒரு மாறி கொண்ட சமன்பாடுகள். எட்டாம் வகுப்பில் நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பகுதி. ஏனப்பா இது என்றால், இதுதான் நடத்துகிறார்கள் தாத்தா என்றான். பத்து வாரமாகத் தெரிந்ததையே கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். நம் பள்ளிகளில் நாங்கள் அப்படித்தானே பழக்கினோம்? ஆசிரியர் போட்ட இடத்தில் உட்கார வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. எத்தனை பிள்ளைகளை நானே அப்படி உட்கார்த்தியிருக்கிறேன் என்று அன்றைக்கு இரவு நினைத்துப் பார்த்தேன்.

மகள் உடனே பள்ளிக்குப் போகக் கிளம்பினாள். நான்தான் தடுத்தேன், அவனே கேட்கட்டும் என்றேன். மூன்று நாட்கள் முழுங்கினான். நாலாம் நாள் ஆலோசகருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினான். மறுநாளே கூப்பிட்டு, ஒரு தேர்வு வைத்து, அடுத்த வாரமே வடிவியலுக்கு மாற்றிவிட்டார்கள். “முதல் வாரத்திலேயே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாராம். கோபமாக அல்ல, வருத்தமாக. சேர்க்கும் அன்றைக்கே ஒரு சிறு தேர்வு வைத்திருந்தால் அந்தப் பத்து வாரம் மிஞ்சியிருக்கும். பள்ளியின் மேல் எனக்கு அந்தக் குறை இன்னும் உண்டு. எங்கள் மேலும் உண்டு.

அதனால் சொல்கிறேன். 8, 9 வகுப்புகளின் மதிப்பெண் பட்டியலோடு, ஆங்கில வழிக் கணக்கு, அறிவியல் புத்தகங்களின் பொருளடக்கப் பக்கங்களையும் நகல் எடுத்துத் தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போங்கள். மாற்றுச் சான்றிதழை அவர்கள் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வாங்கி வையுங்கள், திரும்பி வந்தால் இங்கே அது இல்லாமல் அசைய முடியாது.

என் கருத்து: ஆகஸ்டில் போங்கள். அடுத்த ஏப்ரலில் போனால் அங்கே பள்ளி ஆண்டு முடிய இரண்டு மாதங்கள்தான் இருக்கும். நான்காண்டுப் படிப்பில் இரண்டாவது ஆண்டு முழுதும் அங்கே பதிவாகாமல் போய்விடும்.

பதில்: கொண்டலாம்பட்டி தறிக்காரன்

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் இதில் நான் மாறுபடுகிறேன். இந்த அம்மாவின் மாமனார் சொல்வதுதான் சரி.

என் அண்ணன் குடும்பம் வெளிநாட்டில் நாலு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியது. வேலை போனதால் திரும்பியது, விரும்பித் திரும்பவில்லை. வேலையோடு ஒட்டிய விசாவில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அண்ணன் மகளுக்கு இங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் முதலில் கேட்பது அதைத்தான். சமநிலைச் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சலை அண்ணியிடம்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போக நினைத்தால் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்திருப்பதே மொழித் தகுதிக்கு நேரான சான்று. பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை. இடையில் வெளியே போனவர்கள் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்து மாதம் பொறுப்பதில் என்ன நட்டம்? பையனுக்கு 15 வயதுதானே? கையில் ஒரு சான்றிதழோடு போகட்டும்.

பதில்: ஏற்காட்டுப் பெண்

அக்கா, நான் ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு அப்பாவின் வேலைக்காக பென்சில்வேனியாவில் ஒரு சிறிய நகரத்து அரசுப் பள்ளிக்குப் போனேன். பன்னிரண்டு வரை அங்கே முடித்து இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் இருக்கிறேன். தம்பி யாரோடு பேசுவான் என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றவர்கள் அதைத் தொடவில்லை.

நம் பள்ளியில் நாற்பது பேர் ஒரே அறையில் நாள் முழுதும் இருப்போம், ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். அங்கே ஆசிரியருக்குத்தான் அறை. மணி அடித்ததும் மாணவர்கள் நடைவழியில் ஓடுவார்கள். ஒரு வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் அடுத்த வகுப்பில் இருக்க மாட்டார். அதனால் தானாக நட்பு வராது. மதிய இடைவேளை எனக்கு 25 நிமிடம். கையில் தட்டோடு நின்று எந்த மேசையில் உட்காருவது என்று பார்க்கும் அந்த அரை நிமிடம்தான் பள்ளி வாழ்க்கையிலேயே எனக்கு நீண்டது. முதல் ஆறு வாரம் நூலகத்தில் போய் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். நூலகர் பார்த்தும் பாராததுபோல இருந்தார், அவருக்கு என்றைக்கும் நன்றி.

என்னை மாற்றியது ஓட்டம். அங்கே இலையுதிர் காலத்தில் குறுக்கு ஓட்டம் என்று ஒரு விளையாட்டு உண்டு. புல்வெளி, காட்டுப் பாதை, மேடு பள்ளம் என்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். எங்கள் பள்ளியில் அதற்கு யாரையும் கழித்துவிடவில்லை, வந்தவர் எல்லோரும் அணியில் உண்டு. ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி ஓடியவளுக்கு மேடு ஒரு பொருட்டே அல்ல. ஓடும்போது பேசவும் வேண்டியதில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து தானாகப் பேச்சு வந்தது. தம்பி காந்தி மைதானத்தில் ஓடுகிறவன் என்று படித்ததும் அவனை நினைத்து எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் பயிற்சி பள்ளி திறப்பதற்கு முன்பே ஆகஸ்டில் தொடங்கிவிடும். ஆகஸ்டில் போவதாக இருந்தால் மாதத் தொடக்கத்திலேயே போங்கள்.

இன்னொன்று. சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்களே என்று அப்பா ஆங்கிலம் என்று எழுதிவிட்டார். அந்தத் தேர்வு உதவி தேவையா என்று பார்ப்பதற்குத்தான். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓராண்டு உதவி அதனால் கிடைக்காமல் போனது. தமிழ் என்றே எழுதுங்கள்.

குளிருக்கு ஏற்காட்டு ஸ்வெட்டர் போதாது. அங்கேயே வாங்குங்கள்.

பதில்: அம்மாபேட்டை கணக்கு வாத்தியார்

ஏற்காட்டு மகளே, நூலகத்துத் தயிர்சாதத்தைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். என் பேரன் எங்கே சாப்பிட்டான் என்று நான் கேட்டதே இல்லை. கணக்கையே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இரவு தொலைபேசியில் கேட்கப் போகிறேன்.

விளையாட்டு பற்றி இன்னொன்றும் சேர்க்கிறேன்: மாசசூசெட்ஸில் அணியில் சேர 13 மாதங்களுக்குள் செய்த உடல் பரிசோதனைச் சான்று வேண்டும். செவிலியர் அம்மா சொன்ன ஊசிகளோடு அதையும் பார்த்துவிடுங்கள். மதிய உணவுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த மாநிலத்தில் எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் இலவசம் என்று 2023-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவைக் கொண்டுவந்தபோது நான் வேலைக்குப் புதிது. அந்த ஆண்டு வருகைப் பதிவேட்டில் ஏறிய பெயர்களை நான் மறக்கவில்லை. ஆகவே பணக்கார நாட்டில் எதற்கு இலவசச் சோறு என்று மருமகன் கேட்டபோது அவரோடு நீண்ட நேரம் வாதாடினேன். பீட்சா, சாலட், பீன்ஸ் என்று சைவம் ஏதாவது இருக்கும். தினமும் அதையே தின்ன முடியாது, வாரத்தில் மூன்று நாள் கட்டிக் கொடுங்கள்.

கொண்டலாம்பட்டித் தம்பிக்கு: நீங்கள் சொல்லும் அலைச்சல் உண்மை. நான் அதை எடைபோடாமல் விட்டது தவறு. அம்மா, உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளில் திரும்புவது உறுதியா? உறுதி என்றால் மாமனார் சொல்படி பத்தாவதை முடித்துவிட்டு, பன்னிரண்டையும் இங்கே முடிக்க வழி பாருங்கள். நடுவில் போய் நடுவில் வருவது பிள்ளைக்கு இரட்டைச் சுமை. எவ்வளவு காலம் என்று தெரியாது, பன்னிரண்டு வரை அங்கே இருக்கும் வாய்ப்பே அதிகம் என்றால் இப்போதே போங்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது, அந்தக் கதவு மூடிவிடாது. மருத்துவம் படிக்க இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் மட்டும் ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துப் படிப்பார்கள். உயிரியலை ஒன்பதிலேயே முடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. இங்கே கேட்பது பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் மூன்றையும் படித்ததற்கான பதிவு.

தமிழை விட்டுவிடாதீர்கள். அந்த மாநிலத்தில் இரு மொழிகளில் தேர்ந்த பிள்ளைகளின் பட்டயத்தில் ஒரு முத்திரை வைக்க 2017-இல் சட்டம் வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பெட்டியில் வையுங்கள்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரிடம் கேட்டேன். குறைந்தது ஐந்து ஆண்டுகள் என்றார். மாமனாரிடம் கொண்டலாம்பட்டி அண்ணன் எழுதியதையும் வாத்தியார் ஐயா எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். தனித்தேர்வராக எழுதலாம் என்ற இடத்தில் மறுபடி வாசி என்றார். பிறகு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். இன்று காலையில், புத்தகங்களை நகல் எடுக்கத் தானே பையனை அழைத்துப் போவதாகச் சொன்னார். ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுக்கிறோம். ஊசிக்கு நாளை போகிறோம்.

பையனையும் இதைப் படிக்க வைத்தேன். ஏற்காட்டு அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தான். பிறகு அந்தப் பள்ளியின் ஆலோசகருக்குத் தானே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறான். கணக்கில் தன்னைச் சோதித்துப் பார்த்து வகுப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான், குறுக்கு ஓட்டத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறான். இதுவரை தனக்காக அவன் யாரிடமும் ஒரு வரி கேட்டு எழுதியதில்லை. அடியில் பெயர் போடும்போதுதான் நின்றுவிட்டான். பாஸ்போர்ட்டில் அவன் பெயர் மட்டும் ஒரே கட்டத்தில் இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அவன் எப்போதும் எழுதுவது இனிஷியலோடு. எப்படிப் போட வேண்டும் ஐயா?

பதில்: அம்மாபேட்டை கணக்கு வாத்தியார்

நல்ல வேளை இப்போதே கேட்டீர்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாத் தாளை எடுத்துப் பாருங்கள். என் பேரனுக்கும் அப்படித்தான். பள்ளிக் கணினி விசாவைப் பார்த்து அதையே ஏற்றிக்கொண்டது. முதல் வாரம் முழுதும் வருகைப் பதிவில் அவனை அந்த மூன்று எழுத்தாலேயே கூப்பிட்டார்கள். அவனும் அதற்கு வந்தேன் என்று சொல்லியிருக்கிறான்.

கடிதத்தின் அடியில் அவன் பெயரை முதலில், அப்பா பெயரை இரண்டாவதாக, இரண்டையும் முழுதாகப் போடட்டும். இனிஷியல் வேண்டாம், அங்கே அதற்குப் பொருள் தெரியாது. பாஸ்போர்ட்டில் தன் பெயர் இப்படி இருக்கிறது, வகுப்பில் இப்படி அழைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். கூப்பிடும் பெயருக்குப் பள்ளிப் பதிவில் தனி இடம் உண்டு. முடிந்தால் பாஸ்போர்ட்டிலும் பெயரைப் பிரித்து மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்பதற்கெல்லாம் அவசியம் இல்லை. ஆலோசகரின் பெயர் பள்ளியின் இணையதளத்தில் இருக்கும், அதைப் போட்டுத் தொடங்கினால் போதும்.

எழுதியதை நீங்கள் திருத்தாதீர்கள், பிழை இருந்தாலும் அப்படியே போகட்டும். செப்டம்பரில் எந்தக் கணக்கு வகுப்பில் போட்டார்கள் என்று அவனையே இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள். என் பேரன் மதியம் எங்கே சாப்பிட்டான் என்பதையும் அதற்குள் நான் கேட்டு எழுதிவிடுகிறேன்.